உடம்பெல்லாம் நோகுது, ரிப்போர்ட் எல்லாம் நோமல்: டிப்ரெஷனும் நோவும் பற்றி அடிக்கடி கேக்கிற கேள்விகள்

எங்கட அம்மாவுக்கு மூண்டு வருஷமா வலது தோள்மூட்டும் நாரியும் நோ. நாங்கள் இருக்கிறது வெள்ளவத்தையில, ஒரு ஃப்ளாட்டில மூண்டாம் மாடி. நாலு ஸ்பெஷலிஸ்ட்ட சனல் பண்ணிக் காட்டினம், எக்ஸ்ரே, ரெண்டு எம்ஆர்ஐ, ரத்த டெஸ்ட், எல்லாத்தையும் ஒரு புடவைக்கடைப் பையில போட்டுக் கொண்டு திரிஞ்சம். எல்லாரும் சொன்னது ஒண்டுதான், வயசுக்கு உள்ள தேய்மானம், பெரிசா ஒண்டுமில்ல. கடைசியா போன ஒரு ஃபமிலி டொக்டர் அந்தப் பையைத் திறக்கவே இல்ல, "அம்மா, விடிய எத்தின மணிக்கு முழிப்பு வருது?" எண்டு கேட்டார். மூண்டரை எண்டா. பிறகு என்ன செய்வீங்க எண்டு கேட்டார். "ஃபேனைப் பாத்துக்கொண்டு கிடப்பன்" எண்டு சொல்லிட்டு அழத் தொடங்கிட்டா. நான் பக்கத்துக் கதிரையில இருந்தன். அடுத்த அறையில படுக்கிற எனக்கு அவ மூண்டரைக்கு முழிச்சுக் கிடக்கிறது அண்டைக்கு வரைக்கும் தெரியாது.

அம்மாவுக்கு இருந்தது டிப்ரெஷன், தமிழில மனச்சோர்வு எண்டு சொல்லுறது. அதுக்குப் பிறகு சொந்தக்காரர், கோயில்ல பழகின ஆக்கள், ஒபிசில வேலை செய்யிறாக்கள் எண்டு கன பேர் என்னட்ட தனியாக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகள்தான் இது. நான் டொக்டர் இல்ல, எக்கவுண்ட்ஸ் வேலை செய்யிறன். டொக்டர்மாரிட்ட கேட்டதையும் வாசிச்சு விளங்கினதையும் எழுதுறன்.

டிப்ரெஷன் மனசில வாற வருத்தம்தானே, அதுக்கு ஏன் நாரி நோகோணும்?

இதைத்தான் எல்லாரும் முதல்ல கேக்கிறது, நானும் கேட்டனான். மூளையில செரட்டோனின், நோஅட்ரினலின் எண்டு ரெண்டு ரசாயனம் இருக்கு, எங்கட மனநிலை, நித்திரை, பசி எல்லாத்திலயும் இதுகளுக்குப் பங்கு இருக்கு. இதே ரெண்டும் இன்னொரு வேலையும் செய்யுது. மூளையின்ட அடிப்பக்கத்தில இருந்து முள்ளந்தண்டு வழியா கீழ போற நரம்புகள் இருக்கு, உடம்பில இருந்து மேல வாற நோ சிக்னலை அடக்கிறது அந்த நரம்புகள், அதுக்கு அதுகள் பாவிக்கிறதும் இதே ரசாயனங்கள்தான்.

எங்கட ஃப்ளாட்டில கீழ கேட்டில ஒரு செக்குரிட்டி அண்ணா நிக்கிறார். நாள் முழுக்க சாமான் விக்கிறவர், வீடு மாறி வந்தவர், சும்மா கேட்டுப் பாக்கிறவர் எண்டு எத்தினையோ பேர் வருவினம், அவர் பாத்து தேவையான ஆளைத்தான் மேல விடுவார். அவருக்குச் சுகமில்லாத நாளில எல்லாரும் மேல ஏறி வந்து எங்கட கதவில பெல் அடிப்பினம். வந்தாக்கள் ஒண்டும் கற்பனை ஆக்கள் இல்ல, எப்பவும் வாற அதே ஆக்கள்தான், மறிக்க ஆளில்ல எண்டதுதான் வித்தியாசம். உடம்பில எந்த நாளும் சின்னச் சின்ன நோ சிக்னல் வந்துகொண்டுதான் இருக்கும், ஐம்பத்தெட்டு வயசுத் தோள்மூட்டில கொஞ்சம் தேய்மானம் இருக்கும்தானே, டிப்ரெஷன் வந்தா மறிக்கிற அந்த வேலை பலவீனமாகிப் போகுது, சின்ன நோவும் பெரிசாத் தெரியுது. முள்ளந்தண்டில இப்பிடி ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கு எண்டு மெல்சாக், வோல் எண்ட ரெண்டு விஞ்ஞானிகள் 1965இல எழுதினவை, பிறகு அதில கன விஷயம் திருத்தினாலும் மூளை நோவைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் எண்ட அடிப்படை அப்பிடியே நிக்குது.

இது மட்டும் காரணமும் இல்ல. மனம் சோர்ந்து இருக்கேக்க தசை எல்லாம் இறுகிப் போய்த்தான் இருக்கும், கழுத்தும் தோளும் முதல்ல. ஸ்ட்ரெஸ் ஹோமோனும் கன நாள் கூடவே நிக்கும். உடம்புக்குள்ள அழற்சி கூடுற ஆக்களும் இருக்கினம். நித்திரை இல்லாட்டி அடுத்த நாள் நோ கூடும், இது டிப்ரெஷன் இல்லாத ஆளுக்கும் நடக்கிறது.

அப்ப அந்த நோ பொய்யா? மனப்பிரமையா?

இல்லவே இல்ல. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்லுறன், ஏன் எண்டா எங்கட வீட்டிலயே ஒரு சொந்தக்காரர் "ரிப்போர்ட்டில ஒண்டுமில்ல, சும்மா கிடந்து யோசிக்கிறா" எண்டு அம்மாவுக்கு முன்னாலயே சொன்னவர், அதுக்குப் பிறகு அம்மா நோ எண்டு சொல்லுறதையே குறைச்சிட்டா, நோ குறையேல்ல.

எம்ஆர்ஐ எலும்பு, டிஸ்க், தசை இதுகளைக் காட்டும், நோவைக் காட்டாது. டிஸ்க் தள்ளியிருக்கிற கன பேருக்கு ஒரு நோவும் இருக்காது, ஸ்கேனில ஒண்டுமே இல்லாத ஆள் கட்டிலால எழும்ப ஏலாமக் கிடப்பார். நோவைப் பற்றி ஆராயிற சர்வதேச சங்கம் 1979இல குடுத்த வரைவிலக்கணத்திலயே நோ எண்டது உடம்பில உணர்றதும் மனசில உணர்றதும் சேந்த ஒரு அனுபவம் எண்டுதான் இருக்கு, 2020இல திருத்தி எழுதேக்கயும் அதை எடுக்கேல்ல. 2003இல அமெரிக்காவில ஒரு பரிசோதனை செய்தவை, கொம்பியூட்டரில ஒரு பந்து விளையாட்டு, ரெண்டு பேர் சேந்து மூண்டாமாளுக்குப் பந்தே போடாம விடுவினம், அப்பிடி ஒதுக்கப்பட்ட ஆளின்ட மூளையை ஸ்கேன் பண்ணிப் பாத்தா உடம்பு நோகேக்க வேலை செய்யிற ஒரு பகுதி அப்பவும் வேலை செய்திருக்கு. "அவன் சொன்ன சொல்லு நோகுது" எண்டு நாங்கள் சொல்லுறது சும்மா பேச்சுக்கு இல்ல.

எங்கட ஆக்களுக்கு மட்டும்தானா இப்பிடி? வெள்ளைக்காரர் மனசு சரியில்ல எண்டு நேர சொல்லிடுவினமாமே?

அப்பிடித்தான் எல்லாரும் நினைக்கிறது. 1999இல வந்த ஒரு ஆய்வில 14 நாடுகளில சாதாரண டொக்டரிட்ட வந்த ஆக்களைப் பாத்திருக்கினம். டிப்ரெஷன் இருந்த ஆக்களில 69 வீதமானவை டொக்டரிட்ட வந்த காரணமா உடம்பு வருத்தத்தை மட்டும்தான் சொல்லியிருக்கினம், தலையிடி, நாரி நோ, களைப்பு இப்பிடி. இதில வெள்ளைக்கார நாடுகளும் அடக்கம். அந்த ஆய்வில எனக்கு மனசில பதிஞ்ச விஷயம் வேற ஒண்டு. வழமையா ஒரே டொக்டரிட்ட போய்ப் பழகின ஆக்களை விட, ஒவ்வொரு முறையும் வேற வேற டொக்டரப் பாக்கிற இடங்களிலதான் உடம்பு நோவை மட்டும் சொல்லுறது கூடவாம். கொழும்பில நாங்கள் செய்யிறது அதுதானே. தோளுக்கு ஒராள், நாரிக்கு ஒராள், வயித்துக்கு ஒராள், பின்னேரம் ஆறு மணிக்கு நம்பர் எடுத்து எட்டரைக்கு உள்ள போனா அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்தில முன்ன பின்ன தெரியாத ஆளிட்ட "எனக்கு வாழவே பிடிக்கேல்ல" எண்டு ஆர் சொல்லுவினம்.

பாஷையும் இருக்கு. ஒரு கிளினிக்கில அம்மாவோட வாங்கில இருக்கேக்க பக்கத்தில கொட்டாஞ்சேனையில இருந்து வந்த ஒரு ஐயா. மனுசி செத்து ஏழு மாசம், பிள்ளைகள் வெளிநாட்டில, சமைக்கத் தெரியாது, ராவில வானொலியைப் போட்டுட்டுத்தான் படுக்கிறாராம், எல்லாம் எங்களுக்குத் தமிழில சொன்னார். அவரின்ட நம்பர் வந்தது, கதவு பாதி திறந்திருந்தது, உள்ள டொக்டர் சிங்களவர். ஐயா கழுத்தில கையை வச்சு "மெதன ரிதெனவா" எண்டார், நாரியில வச்சு "மெதனத் ரிதெனவா", முழங்காலில வச்சு "மெதனத்". இஞ்ச நோகுது, இஞ்சயும் நோகுது. அவ்வளவுதான். நோவுக்கு அவரிட்ட சிங்களம் இருந்தது, மனுசி இல்லாத வீட்டைப் பற்றிச் சொல்ல இருக்கேல்ல. நோக்குளிசை எழுதி வாங்கிக்கொண்டு வெளிய வந்தார். சிங்களத்திலயும் மனசு நோகுறதுக்கு "ஹித ரிதெனவா" எண்டு அதே சொல்லுத்தான் எண்டு எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது, முதலே தெரிஞ்சிருந்தா அவருக்குச் சொல்லிக் குடுத்திருப்பன்.

எந்த மாதிரி நோவெல்லாம் வரும்?

தலையிடி, கழுத்து, தோள், நாரி, கை கால் உளைவு, நெஞ்சில பாரம், வயித்துக்குள்ள ஒரு பிடிப்பு. கன பேருக்கு ஒரே இடத்தில நிக்காது, இண்டைக்கு தோள் நாளைக்கு முழங்கால். டிப்ரெஷன் உள்ள ஆக்களில சராசரியா 65 வீதமானவைக்கு ஏதோ ஒரு நோ இருக்கு எண்டு பல ஆய்வுகளைச் சேத்துப் பாத்து 2003இல எழுதியிருக்கினம்.

நோவால டிப்ரெஷன் வருதா, டிப்ரெஷனால நோ வருதா?

ரெண்டு பக்கமும் நடக்கும். மூட்டுவாதம், சீனி வருத்தத்தால வாற கால் எரிவு எண்டு உண்மையான காரணத்தோட நோ இருக்கிற ஆளுக்கும் மாசக் கணக்கில நித்திரை இல்லாம, வேலைக்குப் போக ஏலாம, கலியாணவீடு கோயில் எண்டு ஒரு இடமும் போகாம வீட்டுக்க இருந்தா மனம் விழுந்திடும், மனம் விழுந்தா நோ கூடும், நோ கூடினா இன்னும் வீட்டுக்க. எங்க தொடங்கினது எண்டு தேடி மினக்கெட வேண்டியதில்ல, ரெண்டுக்கும் சேத்து மருத்துவம் செய்யோணும், ஒண்டை மட்டும் பாத்தா மற்றது திரும்ப இழுத்து விழுத்தும்.

இது டிப்ரெஷனால வாற நோ எண்டு எப்பிடித் தெரியும்?

நாங்களே வீட்டில முடிவெடுக்கக் கூடாது, முதல்ல அதைச் சொல்லிடுறன். டொக்டர்மார் பாக்கிறது, ரெண்டு கிழமைக்குக் குறையாம அநேகமா எல்லா நாளும் மனம் சோர்ந்து கிடக்குதா, முதல் பிடிச்ச விஷயம் எதுவும் இப்ப பிடிக்கேல்லயா, இந்த ரெண்டில ஒண்டாவது இருக்கோணும். அதோட நித்திரை, பசி, களைப்பு, யோசிக்க ஏலாமை, நான் ஒண்டுக்கும் உதவாத ஆள் எண்ட எண்ணம், செத்தாப் பரவாயில்ல எண்ட எண்ணம் இதுகள் எத்தினை இருக்கு எண்டு கேப்பினம். அம்மா வீட்டில எங்களுக்கு முன்னால அழவே இல்ல, அதாலதான் எங்களுக்குப் பிடிபடேல்ல. ஆனா வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறதை விட்டிட்டா, கால் ஏலாது எண்டா. நாடகம் பாக்கிறதையும் விட்டிட்டா, அதுக்குக் கால் தேவையில்லதானே, அங்கயே எனக்கு விளங்கியிருக்கோணும்.

தைரொயிட் குறைவு, ரத்தச்சோகை, விட்டமின் பி12 குறைவு இதுகளும் களைப்பும் உடம்பு நோவும் மனச்சோர்வும் மாதிரியே காட்டும், அதால ரத்த டெஸ்ட் ஒருக்கா செய்யிறது நல்லது. டிப்ரெஷன் எண்டு ஒருக்கா எழுதின பிறகு வாற எல்லா நோவையும் அதில போட்டு மூடவும் கூடாது. திடீரெண்டு நெஞ்சு நோ, கைக்கோ தாடைக்கோ பரவுது, வேர்க்குது, மூச்சு முட்டுது எண்டா 1990 சுவசெரிய அம்புலன்ஸ்தான், மற்றதெல்லாம் பிறகு. நாரி நோவோட கால் விறைச்சுப் பலமில்லாமப் போறது, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமப் போறது, காரணமில்லாம மெலியிறது, காய்ச்சல் விடாம இருக்கிறது எண்டாலும் உடன காட்டோணும்.

எந்த டொக்டரிட்ட போறது? மனநோய் டொக்டரிட்ட போனா சனம் என்ன சொல்லும்?

உங்களைத் தெரிஞ்ச ஒரு ஃபமிலி டொக்டர் இருந்தா அங்க தொடங்குங்க, கன பேருக்கு அங்கயே மருத்துவம் தொடங்கலாம். இல்லாட்டி அரசாங்க ஆஸ்பத்திரி ஓபீடிக்குப் போய் மனநல கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லிக் கேக்கலாம், கொழும்பு தேசிய ஆஸ்பத்திரியிலயும் அந்தப் பிரிவு இருக்கு, காசு இல்ல. முல்லேரியாவில இருக்கிற தேசிய மனநல நிறுவகத்தைச் சனம் "அங்கொடை" எண்டு சொல்லி, சின்னப் பிள்ளைகள் கூட ஒருத்தரை ஒருத்தர் ஏசுறதுக்கு அந்த ஊர்ப் பேரைப் பாவிக்குதுகள். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வருஷக் கணக்கா நோக்குளிசை விழுங்கிற ஆக்களை எனக்குத் தெரியும், அதை நினைச்சா எனக்கு உண்மையா வயிறு எரியும். விசர் எண்டது வேற கதை, இது சீனி, பிரஷர் மாதிரி ஒரு வருத்தம்.

போக முதல் ஒரு துண்டில எழுதிக் கொண்டு போங்க: நோ எப்ப தொடங்கினது, அந்தக் காலத்தில வீட்டில என்ன நடந்தது, எத்தின மணிக்குப் படுத்து எத்தின மணிக்கு முழிப்பு, எதை எல்லாம் செய்யிறதை விட்டிட்டீங்க, என்னென்ன குளிசை எடுக்கிறீங்க. டொக்டருக்குத் தமிழ் தெரியாட்டி சிங்களமோ இங்கிலீஷோ தெரிஞ்ச ஆளைக் கூட்டிக்கொண்டு போங்க, ஆனா அந்த ஆளுக்கு முன்னால சொல்ல ஏலாத விஷயம் இருக்கும் எண்டா வேற ஆளை. மருமகளைப் பக்கத்தில வச்சுக்கொண்டு மாமி வாய் திறக்க மாட்டா.

பனடோல் போட்டுச் சமாளிக்கலாம்தானே?

ஒரு நாள் ரெண்டு நாள் எண்டா சரி. பெரியாக்களுக்கு 500 மில்லிகிராம் குளிசை 24 மணித்தியாலத்தில எட்டுக்கு மேல போகவே கூடாது, ஈரலைப் பாதிக்கும், மெலிஞ்ச ஆக்களுக்கும் குடிக்கிற ஆக்களுக்கும் அதிலயும் குறைவு. டிக்ளோபெனாக், ஐபுபுரோபன் இதுகள் கன நாள் எடுத்தா வயித்துப்புண், சிறுநீரகம், பிரஷர் எண்டு வேற பிரச்சினை. தலையிடிக்கு மாசத்தில 15 நாளோ கூடவோ நோக்குளிசை போட்டு மூண்டு மாசம் போனா அந்தக் குளிசையே தலையிடியைக் கொண்டு வரத் தொடங்கும். அம்மா சிவத்தப் பையில அஞ்சு வகைக் குளிசை வச்சிருந்தா, ரெண்டு டொக்டர் வேற வேற பேரில எழுதினது ஒரே மருந்து, அதை ஃபமிலி டொக்டர்தான் கண்டுபிடிச்சார்.

நோவுக்குப் பூசுற சித்தாலேப தைலம் பூசலாமா எண்டு கேக்கிறாக்கள், பூசுங்க. பூசி விடுற கை நல்லது.

டிப்ரெஷன் குளிசை எடுத்தா அடிமையாகிடுவமா? நோவும் குறையுமா?

நித்திரைக் குளிசையையும் இதையும் போட்டுக் குழப்பிறதால வாற பயம் இது. டயசிபாம் மாதிரி நித்திரைக் குளிசைக்கு உடம்பு பழகிடும், அதைக் கவனமாத்தான் எடுக்கோணும். டிப்ரெஷன் குளிசைக்கு அந்த மாதிரி ஏக்கம் வராது, ஆனா திடீரெண்டு நிப்பாட்டினா தலைசுத்து, பதட்டம், நித்திரையில்லாமை வரும், அதால டொக்டர் சொல்லுற மாதிரி மெல்ல மெல்லக் குறைக்கோணும். போட்ட உடன கேக்காது. ரெண்டு கிழமையில இருந்து நாலு கிழமை ஆகும் வித்தியாசம் தெரிய, முதல் கிழமையில வயித்துப் பிரட்டல் வேற வரும், கன பேர் அங்கதான் "இந்த மருந்து எனக்குச் சரிவராது" எண்டு விட்டிடுறது. அம்மாவும் ஒன்பதாம் நாள் விடப் பாத்தா, டொக்டருக்குக் கோல் எடுத்துக் கேட்டு சாப்பாட்டுக்குப் பிறகு குடுத்தம், தாண்டிட்டா. நல்லானாப் பிறகும் ஆறு மாசத்துக்குக் குறையாம எடுக்கச் சொல்லுவினம்.

நோவைப் பொறுத்தவரை, செரட்டோனினையும் நோஅட்ரினலினையும் சேத்துக் கூட்டுற மருந்துகள் உதவுறது கூட. டுலொக்செட்டின் எண்டதுக்கு 2004இல அமெரிக்காவில டிப்ரெஷனுக்கும் சீனி வருத்த நரம்பு நோவுக்கும் ஒரே வருஷத்தில அனுமதி குடுத்தவை. அமிட்ரிப்டிலின் பழைய மருந்து, நோவுக்கு ராவில 10, 25 மில்லிகிராம் எண்டு குறைஞ்ச அளவில எழுதுவினம், டிப்ரெஷனுக்கு வேண்டிய அளவு அதிலும் எவ்வளவோ கூட. அதால நோவுக்கு அதைத் தந்தா "என்னை விசர் எண்டு நினைச்சிட்டார்" எண்டு கோவிக்க வேண்டாம். இதய வருத்தம், கண் பிரஷர், சிறுநீர் அடைப்பு இருந்தா முதலே சொல்லோணும். எல்லாருக்கும் எல்லா மருந்தும் கேக்காது, மாத்திப் பாக்க வேண்டி வரும்.

இதை எடுத்துக்கொண்டு பார்மசியில சும்மா நோக்குளிசை வாங்காதீங்க. ட்ரமடோல் எண்ட கடும் நோ மருந்தும் சில டிப்ரெஷன் மருந்தும் சேந்தா ஆபத்து, டிக்ளோபெனாக் மாதிரி மருந்து சேந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியிற சான்ஸ் கூடும்.

குளிசை இல்லாம மாத்த ஏலாதா?

லேசான டிப்ரெஷன் எண்டா கவுன்சலிங் மட்டும் காணும் எண்டு டொக்டரே சொல்லலாம். கடுமையா இருந்தா ரெண்டும் வேணும். நடக்கிறதும் உண்மையா உதவும், நோவுக்கும் மனசுக்கும். ஆனா சோர்ந்து கிடக்கிற ஆளைப் பாத்து "போய் நடவன்" எண்டு சொன்னா நடக்காது. நான் அம்மாவோட பின்னேரம் அஞ்சரைக்கு மரைன் டிரைவுக்கு இறங்குவன், முதல் கிழமை கேட்டில இருந்து ரயில் பாதை தெரியிற மட்டும்தான், நூறு அடி இருக்குமோ தெரியா, பிறகு ஒவ்வொரு கிழமையும் அடுத்த சந்தி மட்டும். நோகுது எண்டா இருந்து கடலைப் பாத்திட்டுத் திரும்புவம். கோயில், சேர்ச், நேர்த்தி எல்லாம் மனசுக்குத் தெம்பு தரும், அதையும் செய்யுங்க, குளிசையை நிப்பாட்டிப்போட்டுச் செய்யாதீங்க.

செத்தாப் பரவாயில்ல எண்டு சொல்லுறா, சும்மா சொல்லுறாவா?

சும்மா எண்டு எடுக்காதீங்க. கன நாள் நோவும் டிப்ரெஷனும் சேந்திருக்கிற ஆளுக்கு இந்த எண்ணம் வாற ஆபத்து கூட. "சாகோணும் போல இருக்கா, எப்பிடி எண்டு யோசிச்சீங்களா" எண்டு நேர கேளுங்க, கேக்கிறதால அந்த எண்ணத்தை உண்டாக்க மாட்டம், கன பேருக்கு ஒராள் கேட்டிட்டாரே எண்டு பாரம் இறங்கும். குளிசை எல்லாத்தையும் நீங்க வாங்கி வச்சு நாளுக்குரியதை மட்டும் குடுங்க, தனிய விடாதீங்க. தேசிய மனநல நிறுவகத்தின்ட இலக்கம் 1926, கவுன்சலிங் லைன் 1333, தமிழில கதைக்கோணும் எண்டு கேளுங்க. உடனடி ஆபத்து எண்டா 1990 அடியுங்க, இல்லாட்டி கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு நேர கொண்டு போங்க, எந்த நேரமா இருந்தாலும்.

இப்ப அம்மாக்கு எப்பிடி? நோ முழுசாப் போட்டுதா?

முழுசா இல்ல. குளிசை தொடங்கி ஒரு வருஷமும் ரெண்டு மாசமும். நாரி நோ அநேகமா இல்ல, தோள் மழை நாளில நோகும், தேய்மானம் இருக்கிறது உண்மைதானே. மிச்சம் நிக்கிற நோவையும் கிளினிக்கில சொல்லோணும், ஏன் எண்டா நோ மிச்சம் இருக்கிற ஆக்களுக்கு டிப்ரெஷன் திரும்பி வாறது கூட, அதால ஃபிசியோவுக்கும் அனுப்பியிருக்கினம், செவ்வாய்க்கிழமைகளில போறம். நித்திரை அஞ்சு மணி வரைக்கும் வருது. போன கிழமை தேங்காய் திருவேக்க பாதியில தோள் பிடிச்சிட்டுது, மிச்சத்தை என்னட்டத் தந்திட்டு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு அன்ரியின்ட மகளின்ட கலியாணக் கதை சொல்லத் தொடங்கினா, சம்பல் இடிச்சு முடியிற மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தா.